இணையதளம் திறந்தாயிற்று; சாவி யாரிடம் இருக்கிறது?

வாசகர் கேள்வி – பதில்

சிறு தொழில் செய்வோர் தமது இணையதளத்தைத் தொடங்கிய பிறகு சந்திக்கும் சிக்கல்களை எழுதி அனுப்பும்படி சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: தளத்தை யாரோ ஒருவர் செய்து கொடுத்தார், திறப்பு நாளன்று எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினோம், அதன் பின் அதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்றே தெரியவில்லை. கடைக்கு ஷட்டர் உண்டு, பூட்டு உண்டு, மின்கட்டணம் கட்டும் கெடு உண்டு. இவற்றில் எதையும் மறக்காத வியாபாரிகள், இணையதளத்துக்கும் இவையெல்லாம் உண்டு என்று யாரும் சொல்லித் தராத ஒரே காரணத்தால் நஷ்டப்படுவதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. ஆகவே எவையெவை உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதற்கே இந்தப் பதில்களில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: சின்னாளபட்டியில் சுங்குடிச் சேலை வியாபாரம் செய்கிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் உறவினர் மூலம் அறிமுகமான ஒருவர் எங்களுக்கு டாட் காம் முகவரியில் இணையதளம் செய்து கொடுத்தார். சென்ற வாரம் முதல் தளத்தைத் திறந்தால் ஏதேதோ விளம்பரங்கள் வருகின்றன. செய்து கொடுத்தவர் போனை எடுப்பதில்லை. பெயர் எங்கள் கையை விட்டுப் போய்விட்டதா?

பதில்: இன்னும் போகவில்லை என்றே தோன்றுகிறது. ஆனால் நாளை எண்ணிச் செயல்பட வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள். இணையதளம் என்று நாம் ஒரே சொல்லால் குறிப்பிடுவது உண்மையில் மூன்று பொருள்கள். முதலாவது டொமைன், அதாவது வாடிக்கையாளர் தட்டச்சு செய்யும் உங்கள் முகவரி. இது விலைக்கு வாங்கிய சொத்து அன்று, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு எடுத்த குத்தகை. இரண்டாவது ஹோஸ்டிங், அதாவது உங்கள் பக்கங்கள் குடியிருக்கும் சர்வரில் எடுத்த வாடகை இடம். மூன்றாவது, அங்கே நீங்கள் வைத்திருக்கும் படங்களும் எழுத்துகளும். உங்கள் முகவரியில் விளம்பரம் தெரிகிறது என்றால், பெரும்பாலும் முதல் குத்தகை முடிந்து, பெயரைப் பதிவு செய்த நிறுவனம் தன் விளம்பரப் பக்கத்தை அங்கே காட்டுகிறது என்று பொருள். சேலைப் படங்கள் எல்லாம் சர்வரில் அப்படியே இருக்கக்கூடும்.

டாட் காம் போன்ற பெயர்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் ஏற்பாட்டில், காலாவதியான பெயர் மறுநாளே அடுத்தவருக்குப் போய்விடுவதில்லை. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்கள் வரை புதுப்பித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. அதற்குள் புதுப்பிக்காமல் பெயர் நீக்கப்பட்டாலும், அதன் பின் 30 நாள் மீட்புக் காலம் இருக்கிறது. ஆனால் அப்போது வழக்கமான கட்டணத்தோடு பெரிய மீட்புக் கட்டணமும் சேரும். அதையும் தவறவிட்டால் 5 நாள்கள் பெயர் யாரும் தொட முடியாத நிலையில் இருந்துவிட்டு, பிறகு முந்துகிறவருக்குப் போய்விடும். சில நிறுவனங்கள் முதல் கட்டத்திலேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுவதால், 45 நாள் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

இன்றே ஐகேனின் தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியை இட்டுப் பாருங்கள். உரிமையாளர் பெயர் மறைக்கப்பட்டிருந்தாலும், எந்த நிறுவனத்தில் பதிவாகியிருக்கிறது, எந்தத் தேதியில் முடிந்தது, இப்போது என்ன நிலை என்ற மூன்றும் தெரியும். நிலை என்ற இடத்தில் ‘ரிடெம்ப்ஷன் பீரியட்’ என்று இருந்தால் மீட்புக் காலம் தொடங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு, நீங்கள் பணம் கொடுத்த ரசீது, ஜிஎஸ்டி சான்று, கடைப் பெயருக்கான ஆவணம் ஆகியவற்றோடு எழுதுங்கள். அதே நேரத்தில், செய்து கொடுத்தவரை நேரில் தேடிப் போங்கள். கோபத்தோடு போக வேண்டாம் என்பது என் வேண்டுகோள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரையே நிறுவனம் உரிமையாளராகக் கருதும் என்பதால், இப்போதைக்கு அவருடைய ஒத்துழைப்புதான் மிகக் குறைந்த செலவில் மிக விரைவாக முடியும் வழி. வணிகச் சின்னம் பதிவு செய்திருப்பவர்கள் முகவரித் தகராறுக்கான நடுவர் முறையை நாடலாம், ஆனால் அதற்குச் செலவும் காலமும் பிடிக்கும்.

முடிவதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், முடிந்த 5 நாள்களுக்குள் ஒரு முறையும் நினைவூட்டல் அனுப்புவது பதிவு நிறுவனங்களின் கடமை. உங்கள் விஷயத்திலும் அவை வந்திருக்கும், ஆனால் செய்து கொடுத்தவருடைய மின்னஞ்சலுக்கு வந்திருக்கும். ஆகவே பெயர் மீண்டதும் முதல் வேலையாக அதை உங்கள் சொந்தக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தொடர்பு மின்னஞ்சலாக அதே டொமைனில் அமைந்த முகவரியைக் கொடுக்காதீர்கள். பெயர் முடங்கினால் அந்த அஞ்சலும் சேர்ந்து முடங்கும், எச்சரிக்கை வந்தது கூடத் தெரியாது.

‘ஆட்டோ ரினியூவல் போட்டிருக்கிறேனே’ என்று பலர் எழுதியிருக்கிறார்கள். 2021 அக்டோபர் 1 முதல், கார்டிலிருந்து தானாகப் பணம் எடுப்பதற்கு ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி முன் ஒப்புதல் பதிவு செய்திருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்கள் பலவற்றில் இந்திய கார்டின் தானியங்கிக் கட்டணம் நிராகரிக்கப்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம். அந்த வசதியை நம்பியிருக்காமல், டாட் காம் ஆனாலும் டாட் இன் ஆனாலும் 10 ஆண்டுகள் வரை முன்கூட்டியே கட்டலாம் என்பதால், வசதி இருக்கும்போது மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். இப்படி மறந்தவர்கள் நீங்கள் மட்டும் அல்லர். 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தனது பாஸ்போர்ட் டாட் காம் பெயரைப் புதுப்பிக்கத் தவறியதால், அதன் மின்னஞ்சல் சேவையான ஹாட்மெயிலில் பலர் நுழைய முடியாமல் போனது. வெளியாள் ஒருவர் தம் கார்டில் 35 டாலர் கட்டி அதை மீட்டுக் கொடுத்தார்.

கேள்வி: கோவையில் பம்ப்செட் உதிரிபாகங்கள் தயாரிக்கிறேன். தளம் செய்து கொடுத்த நிறுவனம் ஆண்டுப் பராமரிப்புக்கு 12,000 ரூபாய் கேட்கிறது. ‘தளம் நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்குப் பராமரிப்பு?’ என்கிறான் என் மகன். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. இயந்திரம் தேயும், இணையதளம் தேயாது. ஆனால் அது நிற்கும் தரை மாறிக்கொண்டே இருக்கிறது. உங்கள் தளம் வேர்ட்பிரஸில் செய்யப்பட்டிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். 2003-இல் வெளிவந்து இன்று உலகின் இணையதளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேல் இயக்கும் மென்பொருள் அது. இத்தனை வீடுகளுக்கு ஒரே மாதிரிப் பூட்டு போட்டிருந்தால், அந்தப் பூட்டில் ஒரு பழுது தெரிந்த அன்றே திருடர்கள் தெருத் தெருவாகச் சோதித்துப் பார்ப்பார்கள் அல்லவா? 2017 ஜனவரி 26 அன்று வேர்ட்பிரஸ் 4.7.2 பதிப்பு ஒரு பெரிய ஓட்டையை அடைத்து வெளிவந்தது. எல்லோரும் புதுப்பித்துக்கொள்ள அவகாசம் தருவதற்காக, ஓட்டை இன்னதென்று பிப்ரவரி 1 அன்றுதான் வெளியிட்டார்கள். அதற்குள் புதுப்பிக்காதிருந்த தளங்களில், அடுத்த சில நாள்களிலேயே லட்சக்கணக்கான பக்கங்கள் அழித்து எழுதப்பட்டன. அந்தத் தளங்களின் உரிமையாளர்களும் ‘நன்றாகத்தானே ஓடுகிறது’ என்றுதான் இருந்திருப்பார்கள்.

வேர்ட்பிரஸைவிட அதனோடு சேர்த்துப் பொருத்தும் பிளகின்கள் என்னும் துணை மென்பொருள்களில்தான் ஓட்டைகள் அதிகம். தளம் செய்தபோது சோதனைக்காகப் போட்டுவிட்டு நீக்காமல் விட்ட பிளகின்கள், எழுதியவரே கைவிட்டுவிட்ட பிளகின்கள் என்று ஒவ்வொரு தளத்திலும் சில கிடக்கும். தேவையற்றதை அணைத்து வைப்பது போதாது, நீக்கிவிட வேண்டும். அதற்குக் கீழே, வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி என்னும் கணினி மொழியின் பதிப்பு இருக்கிறது. பிஎச்பி 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பர் 28-உடன் நின்றுவிட்டன. ஆயினும் அதிலேயே ஓடும் சிறு தளங்களை இன்றும் பார்க்கிறேன். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று மோதாமல் புதுப்பிப்பதும், புதுப்பித்த பின் தளத்தைத் திறந்து பார்ப்பதும் வேலைதான்; அதற்குக் கூலி கேட்பதில் தவறு இல்லை.

ஆனால் 12,000 ரூபாய்க்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுத்தில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ‘தளத்தைப் பார்த்துக்கொள்வோம்’ என்ற ஒற்றை வரி ஒப்பந்தம் ஆகாது. எத்தனை நாளுக்கு ஒரு முறை அப்டேட் செய்வார்கள், அதைச் செய்ததற்கு மாதந்தோறும் என்ன தகவல் தருவார்கள், தளம் நின்றால் எத்தனை மணி நேரத்துக்குள் பார்ப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை நின்றால் யாரை அழைப்பது, விலை மாற்றம் போன்ற சிறு திருத்தங்கள் இந்தத் தொகைக்குள் அடங்குமா என்பவற்றைக் கேளுங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் இந்தத் தொகையில் சேர்ந்தவை என்றால், அவை யார் பெயரில் இருக்கின்றன என்பதையும் கேளுங்கள். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்தால் அந்தத் தொகை நியாயமானதே என்பது என் கருத்து. விடை சொல்லத் தயங்கினால் 3,000 ரூபாயும் அதிகம்.

பேக்கப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லோரும் ‘இருக்கிறது’ என்று சொல்லும் இடம் இதுதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் சர்வர் கட்டடம் ஒன்று தீயில் முழுவதும் எரிந்தது. தளமும் அதன் பேக்கப்பும் ஒரே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் ஒன்றாக இழந்தார்கள். ஆகவே உங்கள் தளத்தின் பிரதி ஒன்று அதே சர்வரில் இருப்பது பேக்கப் ஆகாது. வேறு நிறுவனத்தின் சேமிப்பில் ஒன்றும், உங்கள் அலுவலகத்து ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் இருக்க வேண்டும். பக்கங்களின் கோப்புகளை மட்டும் எடுத்துவிட்டு, பொருள் விவரங்களும் ஆர்டர்களும் இருக்கும் தரவுத்தளத்தை விட்டுவிடுவதும் நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறையாவது, அந்தப் பிரதியிலிருந்து தளத்தை வேறோர் இடத்தில் எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள். எழுப்பிப் பார்க்காத பேக்கப்பை நம்பித் தூங்க முடியாது.

கேள்வி: காரைக்குடியில் எங்கள் பூர்வீக வீட்டில் சில அறைகளை விருந்தினருக்கு விடுகிறோம். தளம் தொடங்கிய முதல் ஆண்டில் விசாரணைப் படிவம் வழியாக வாரம் நான்கைந்து பேராவது எழுதினார்கள். ஆறு மாதமாக ஒன்றுமே வரவில்லை. விளம்பரம் கொடுக்க வேண்டுமா?

பதில்: விளம்பரத்துக்குச் செலவிடும் முன், உங்கள் படிவத்தை நீங்களே ஒரு முறை நிரப்பிப் பாருங்கள். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, போனில், விருந்தினர் எப்படி வருவாரோ அப்படியே வந்து, பெயரும் தேதியும் இட்டு அனுப்புங்கள். ‘நன்றி, விரைவில் தொடர்புகொள்கிறோம்’ என்று திரையில் வரும். அஞ்சல் வருகிறதா என்று பாருங்கள், ஸ்பேம் பகுதியிலும் பாருங்கள். குறையக் குறைய வந்து நின்றிருந்தால் வேறு காரணம் தேடலாம். ஒரேயடியாக நின்றிருக்கிறது என்பதால் படிவத்தையே முதலில் சந்தேகிக்கிறேன்.

நான் பராமரிக்கும் ஒரு விதைக் கடையின் தளத்தில் இதே நிகழ்ந்தது. சர்வரை மாற்றிய பிறகு எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்த்தேன், படிவத்தை மட்டும் அனுப்பிப் பார்க்கவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு விவசாயி கடைக்கு நேரில் வந்து, ‘மூணு தடவ எழுதிப் போட்டேன், ஒரு பதிலும் காணோமே’ என்று கேட்டபோதுதான் தெரிந்தது. திரையில் நன்றி சொல்லிவிட்டு அஞ்சலைக் காற்றில் விட்டுக்கொண்டிருந்தது அந்தப் படிவம். ஆடிப்பட்டத்துக்கு விதை கேட்டு எழுதியவர்கள் அவர்கள். விதைப்புப் பருவம் நமக்காகக் காத்திருப்பதில்லை. அன்று முதல் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று நான் பராமரிக்கும் எல்லாத் தளங்களிலும் படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்க்கிறேன்.

இது நிகழ்வதன் காரணம் இதுதான். பல படிவங்கள், விருந்தினர் இட்ட மின்னஞ்சல் முகவரியையே அனுப்புநர் என்று போட்டு உங்களுக்கு அஞ்சல் அனுப்புகின்றன. யாஹூ முகவரியிலிருந்து வருவதாகச் சொல்லும் கடிதத்தை யாஹூ சர்வர் அல்லாத ஒன்று கொண்டுவந்தால், அதை ஏற்க வேண்டாம் என்று யாஹூ 2014-லேயே அறிவித்துவிட்டது. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும், அனுப்புநர் உண்மையானவர்தானா என்று சோதிப்பதை மேலும் கடுமையாக்கியது. உங்கள் டெவலப்பரிடம், அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியையும், பதில் போக வேண்டிய இடத்தில் மட்டும் விருந்தினர் முகவரியையும் வைக்கச் சொல்லுங்கள். உங்கள் டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று பதிவுகளும் சரியாக இருக்கின்றனவா என்று கேளுங்கள்; உங்கள் பெயரில் கடிதம் கொண்டுவருபவர் உங்கள் ஆள்தான் என்பதற்கான அடையாளச் சீட்டுகள் இவை. இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அஞ்சல் போனாலும் போகாவிட்டாலும் ஒவ்வொரு விசாரணையும் தளத்தின் உள்ளேயே ஒரு பட்டியலில் சேமிக்கப்பட வேண்டும் என்பது. இப்போதே தளத்தின் உள்ளே நுழைந்து அப்படி ஒரு பட்டியல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், ஆறு மாதக் கடிதங்களும் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கும்.

கேள்வி: ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாக் கடை வைத்திருக்கிறோம். கூகுளில் எங்கள் கடைப் பெயரைத் தேடினால், எங்கள் தளத்தின் முகவரிக்குக் கீழே ஜப்பானிய எழுத்துகளில் செருப்பு, கைப்பை விற்பனை என்று ஏதோ வருகிறது. ஆனால் தளத்தைத் திறந்தால் எல்லாம் சரியாகவே இருக்கிறது. இது கூகுளின் தவறா?

பதில்: கூகுளின் தவறு அன்று; உங்கள் தளத்துக்குள் யாரோ புகுந்திருக்கிறார்கள். உலகெங்கும் சிறு தளங்களுக்கு நேரும் பழக்கமான தாக்குதல் இது. உங்களுக்குப் பழைய தளத்தையே காட்டிவிட்டு, கூகுளின் தேடுபொறி வந்து படிக்கும்போது மட்டும் ஆயிரக்கணக்கான போலிப் பக்கங்களைக் காட்டுவார்கள். அதனால்தான் கடைக்காரருக்குக் கடைசியில் தெரிகிறது. எத்தனை பக்கங்கள் என்று அறிய, கூகுளில் ‘சைட்’ (site) என்ற ஆங்கிலச் சொல்லை இட்டு, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் முகவரியை இட்டுத் தேடுங்கள்.

போலிப் பக்கங்களை ஒவ்வொன்றாக அழிப்பதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். நுழைந்த வழி திறந்திருக்கும் வரை அவை மறுநாளே முளைக்கும். முதலில் இப்போதைய நிலையையே ஒரு பிரதி எடுத்து வையுங்கள், பின்னால் ஆராய உதவும். வைரஸ் இல்லாத ஒரு கணினியிலிருந்து ஹோஸ்டிங், தளத்தின் நிர்வாகி, தரவுத்தளம், மின்னஞ்சல் ஆகிய எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றுங்கள். நிர்வாகிகள் பட்டியலில் உங்களுக்குத் தெரியாத பெயர் இருந்தால் நீக்குங்கள். படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய கோப்புறையில் பிஎச்பி கோப்பு ஏதேனும் கிடந்தால், அதுதான் பெரும்பாலும் திருடன் வைத்துவிட்டுப் போன கள்ளச் சாவி. ஊடுருவலுக்கு முந்தைய தூய பேக்கப் இருந்தால் அதிலிருந்து தளத்தை மீட்டு, உடனே எல்லாவற்றையும் அப்டேட் செய்வதே நல்ல வழி. தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற பக்கத்தில் உங்கள் தளத்தின் உரிமையாளர்கள் யார் யார் என்று பார்க்கத் தவறாதீர்கள். இந்தத் தாக்குதலில் திருடர்கள் தங்களையும் அங்கே உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

எப்படி நுழைந்தார்கள் என்பதற்கு உங்கள் கடிதத்திலேயே ஒரு துப்பு இருக்கிறது. பணம் கட்டி வாங்க வேண்டிய தீம் (தளத்தின் தோற்ற வடிவமைப்பு) ஒன்றை ‘இலவசமாக’ ஒரு நண்பர் போட்டுத் தந்ததாக எழுதியிருக்கிறீர்கள். காசு கொடுக்காமல் கிடைக்கும் திருட்டுத் தீம்களில் கள்ளச் சாவியை முன்கூட்டியே வைத்து அனுப்புவதுண்டு. அதை முற்றிலும் நீக்கிவிட்டு, எளிய இலவசத் தீம் ஒன்றை வேர்ட்பிரஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தகைய ஊடுருவலை, தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. அவர்களுக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்பலாம். வாடிக்கையாளர் யாராவது பணம் இழந்திருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்றப் புகார்களுக்கான 1930 என்ற எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். தளம் தூய்மையான பிறகு கூகுளிலிருந்து அந்த ஜப்பானிய வரிகள் மறையச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை கடைப் பலகையிலும் பில்லிலும் போன் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள்.

கேள்வி: ‘உங்கள் கடைப் பெயரை வேறொரு நிறுவனம் சீனாவில் டொமைனாகப் பதியக் கேட்கிறது, உடனே பதில் அளிக்காவிட்டால் கொடுத்துவிடுவோம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பயமாக இருக்கிறது. (மதுரை வாசகி)

பதில்: பயப்பட வேண்டாம், பதிலும் போட வேண்டாம். பல ஆண்டுகளாக உலகம் முழுவதும் சுற்றிவரும் ஏமாற்று வேலை இது. அப்படிக் கேட்கும் நிறுவனம் எதுவும் இல்லை. உங்களுக்குத் தேவையில்லாத பெயர்களை உங்கள் தலையில் கட்டுவதே நோக்கம். இதே வகையில், டொமைன் புதுப்பித்தல் ரசீது போல வடிவமைத்த அஞ்சல்களும் வரும். எந்த நிறுவனத்தில் பெயரைப் பதிந்தீர்களோ அந்த நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே நேரடியாகப் போய் மட்டும் பணம் கட்டுங்கள், அஞ்சலில் வந்த இணைப்பை அழுத்தாதீர்கள்.

கேள்வி: பவானியில் ஜமக்காளம் விற்கிறோம். கூகுளில் முன்னால் வர வேண்டுமானால் வாரம் ஒரு கட்டுரை தளத்தில் எழுத வேண்டும் என்கிறார்கள். அதற்கு நேரமும் இல்லை, எழுத ஆளும் இல்லை. என்ன செய்வது?

பதில்: எழுத வேண்டாம். யாருக்கும் பயன்படாத கட்டுரை ஐம்பதைவிட, சரியான விலையும் சரியான போன் எண்ணும் உள்ள ஒரு பக்கம் மேலானது. உங்கள் தளத்தைத் திறந்து பார்த்தேன். முகப்பில் இரண்டு ஆண்டுக்கு முந்தைய தீபாவளித் தள்ளுபடி இன்னும் இருக்கிறது. புதிதாக வருகிறவர் அதைக் கண்டதும் கடை நடக்கிறதா என்றே ஐயப்படுவார். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாற்றப்பட்ட பின்னும், வரி சேர்ந்த பழைய விலைகளையே காட்டும் தளங்களைப் பலமுறை கண்டிருக்கிறேன்; உங்கள் விலைப்பட்டியலையும் ஒருமுறை கணக்கரோடு உட்கார்ந்து சரிபாருங்கள்.

உங்கள் ஜமக்காளங்களின் பெயர், அளவு, விலை எல்லாம் ஒரே படமாக வடிவமைத்து ஏற்றப்பட்டிருக்கின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பிக்கையாகப் படிப்பதில்லை, பார்வையற்றவரின் திரைவாசிப்பானும் படிக்காது. அதே விவரத்தை எழுத்தாகத் தட்டச்சு செய்து வையுங்கள், தமிழிலும் வையுங்கள். படங்கள் போனில் எடுத்தபடியே நான்கைந்து எம்பி அளவில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் 200 கேபி அளவுக்குக் குறைத்தாலும் நெசவின் கோடுகள் தெளிவாகவே தெரியும், பேருந்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பக்கம் சட்டென்று திறக்கும். விற்றுத் தீர்ந்த வகையின் பக்கத்தை அழிக்கும்போது, அந்த முகவரிக்கு வருபவரை ஒத்த வகையின் பக்கத்துக்குத் திருப்பிவிடச் சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளர்கள் சேமித்து வைத்த இணைப்புகள் வீணாகாது.

இணையத்தில் நேரடியாக விற்பவர்களுக்கு 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் பொருந்தும். தொழிலின் சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு எண், புகார்களைக் கவனிக்கும் அலுவலரின் பெயர் ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும். புகாரைப் பெற்றதாக 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். சிறு கடையில் அந்த அலுவலர் நீங்களாகவே இருக்கலாம், ஆனால் பெயர் இருக்க வேண்டும். கூகுள் வரைபடத்தில் உள்ள உங்கள் கடைக் குறிப்பையும் மாதம் ஒரு முறை பாருங்கள். கடை திறக்கும் நேரத்தையும் போன் எண்ணையும் மாற்றும்படி யார் வேண்டுமானாலும் அங்கே பரிந்துரைக்க முடியும், சில சமயம் அது உங்களைக் கேட்காமலே ஏற்கப்பட்டும் விடுகிறது.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் பனம்பொருட்கள் விற்கிறோம். எமது தளத்தைத் திறந்தால் சில நாள்களாக ‘பாதுகாப்பற்றது’ என்ற எச்சரிக்கை வருகிறது. தளத்தில் எதையும் மாற்றவில்லையே?

பதில்: எதையும் மாற்றாததுதான் காரணம். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் உங்கள் தளத்தில் காலாவதியாகியிருக்கும். இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் தருவது 90 நாள்களுக்கு மட்டுமே செல்லும். அது தானாகவே புதுப்பிக்கப்படும்படி சர்வரில் அமைத்திருக்க வேண்டும். முன்பு காலாவதிக்கு முன் மின்னஞ்சலில் எச்சரித்து வந்தார்கள், 2025 ஜூனில் அதை நிறுத்திவிட்டார்கள். இனி பணம் கொடுத்து வாங்கும் சான்றிதழ்களும் நீண்ட நாள் செல்லாது. 2026 மார்ச் 15 முதல் உச்ச வரம்பு 200 நாள்கள், 2027 மார்ச் 15 முதல் 100, 2029 மார்ச் 15 முதல் 47 என்று உலகளவில் முடிவாகியிருக்கிறது. கையால் புதுப்பித்துத் தருகிறேன் என்று யாரேனும் சொன்னால் ஏற்காதீர்கள், தானியங்கி ஏற்பாட்டை உங்கள் ஹோஸ்டிங் நிறுவனத்திடமே கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 64. கும்பகோணத்தில் பாத்திரக் கடை. தளம் தொடர்பான எல்லாம் கடையில் வேலை பார்த்த ஒரு தம்பிக்குத்தான் தெரியும், அவர் இப்போது ஓசூரில் வேலைக்குப் போய்விட்டார். நல்ல பையன்தான், கேட்டால் உதவுவார். இருந்தாலும் மனம் உறுத்துகிறது.

பதில்: அவர் நல்லவராக இருக்கும்போதே, அவசரம் எதுவும் இல்லாத இப்போதே, எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வதுதான் இருவருக்கும் மரியாதை. அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது ஒரு மாலைப் பொழுதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு நோட்டில் டொமைன் எங்கே, ஹோஸ்டிங் எங்கே, எந்த மின்னஞ்சலில் கணக்கு, எந்தத் தேதியில் கட்டணம், ஆன்லைனில் வரும் பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போகிறது, கூகுள் வரைபடக் குறிப்பு யார் கணக்கில் என்று அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கடவுச்சொற்களை அந்த நோட்டில் எழுத வேண்டாம். அவர் எதிரிலேயே ஒவ்வொன்றையும் மாற்றி, உறையிலிட்டு ஒட்டி, நகை இருக்கும் இடத்தில் வையுங்கள், வீட்டில் இன்னொருவருக்கு அந்த இடம் தெரிந்திருக்கட்டும்.

ஒன்றை மட்டும் முதலில் கேளுங்கள்: ஓடிபி எந்த எண்ணுக்கு வருகிறது? கடைக்கென்று முன்பு வாங்கி, இப்போது மேசை அறையில் கிடக்கும் பழைய சிம் ஒன்றின் எண்ணாக அது இருக்கக்கூடும். 90 நாள் பயன்படுத்தாத எண்ணைத் தொலைபேசி நிறுவனம் முடக்கிவிடலாம், பிறகு அது வேறொருவருக்குப் போய்விடும். சரியான கடவுச்சொல் கையில் இருந்தும் உள்ளே நுழைய முடியாமல் நின்றவர்கள் பலரை அறிவேன். அவர் ஊருக்கு வரும் வரை காத்திருக்காமல், எண்ணைப் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டு, இன்றைக்கே ஒரு முறை அதற்கு அழைத்துப் பாருங்கள், மணி அடிக்கிறதா என்று.